பாட்டுப் போட்டிக்குப் பிள்ளையை அனுப்பலாமா? ரியாலிட்டி ஷோவில் எது நிஜம், எது வெட்டு

தாமரை | 9 நவம்பர் 2024, இரவு 9.40

அண்ணன் மகளுக்குப் பதினொரு வயது. டிவி பாட்டுப் போட்டியின் முதல் தேர்வில் தேறிவிட்டாள். வீட்டில் பாதிப் பேர் "எல்லாம் செட்டப், ஜெயிக்கப் போறது யாருன்னு முன்னாடியே முடிவு பண்ணிடுவாங்க" என்கிறார்கள். மீதிப் பேர் "இந்த வாய்ப்பு திரும்ப வருமா?" என்கிறார்கள். உள்ளே வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: எது நிஜம், எது ஜோடனை?

எடிட்மேசை | 9 நவம்பர் 2024, இரவு 11.15

"செட்டப்", "ஸ்க்ரிப்ட்" என்று ஒரே சொல்லில் அடைத்தால் எதுவும் புரியாது. மேடையில் பிள்ளை பாடுவது நிஜம். நடுவர் கண் கலங்குவதும் பெரும்பாலும் நிஜம். அந்தக் கண்ணீர் எந்தப் பாட்டுக்கு வந்தது என்பதுதான் கேள்வி.

பாட்டுக்கு ஆறேழு கேமரா ஓடும். அதில் ஒன்றிரண்டு நடுவர்கள், பெற்றோர், மற்ற போட்டியாளர்கள் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும். இந்த முகங்களை "ரியாக்‌ஷன்" என்று தனிப் பையாகச் சேர்த்து வைப்போம். ஒரு பாட்டுக்கு நடுவர் சும்மா உட்கார்ந்திருந்தால், அன்றைக்கே இன்னொரு பாட்டுக்குத் தலையாட்டிய முகம் இங்கே வந்து உட்காரும். கண்டுபிடிக்க வழி உண்டு. மேசைமேல் உள்ள தண்ணீர் கிளாஸைப் பாருங்கள். முக்கால் கிளாஸ், பிறகு கால், பிறகு மறுபடி முக்கால் என்று வந்தால் ஒட்டு. நடுவர் முகத்தின் ஓரத்தில் விழும் மேடை வெளிச்சத்தின் நிறமும் காட்டிக்கொடுக்கும். பாடகர் நீல வெளிச்சத்தில் நிற்க, நடுவர் கன்னத்தில் மஞ்சள் விழுந்தால் அந்த முகம் வேறு பாட்டுடையது.

பேச்சிலும் இதே கதை. "போன வாரம் பாடினதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது, இன்னைக்கு நீ இன்னும் உழைக்கணும்" என்று நடுவர் சொல்கிறார். "எனக்கு ரொம்பப் பிடிச்சது" மட்டும் இருந்தால் பாராட்டு, "நீ இன்னும் உழைக்கணும்" மட்டும் இருந்தால் குட்டு. இரண்டும் அவர் வாயால் சொன்னதே. ஒரு வாக்கியம் பாதி ஓடும்போது படம் வேறு முகத்துக்குத் தாவினால், அந்த இடத்தில் கத்தரி விழுந்திருக்க வாய்ப்பு அதிகம்.

நாலரைக்கட்டை | 10 நவம்பர் 2024, காலை 7.05

ஒலிப் பக்கம் நான் சொல்கிறேன். "மேடையில் பாடுவது நிஜம்" என்றார் எடிட்மேசை. பாடுவது நிஜம்தான், வீட்டில் கேட்பது அப்படியே அதுவல்ல. குரலும் ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனித் தடத்தில் பதிவாகும். ஒளிபரப்புக்கு முன் கலவை நடக்கும். அங்கே சுருதி திருத்தும் மென்பொருளும் இருக்கும். ஆட்டோட்யூன் 1997லேயே வந்துவிட்டது. 2010இல் பிரிட்டனின் எக்ஸ் ஃபேக்டர் பாட்டுப் போட்டியில் தேர்வுச் சுற்றுப் பாடல்களையே திருத்தி ஒளிபரப்பினார்கள் என்று பெரிய சண்டை வந்தது. பதிவுக்குப் பின் ஒலியில் வேலை நடந்ததை நிகழ்ச்சித் தரப்பே ஒப்புக்கொண்டது.

நம் பாட்டுக்கு இதில் ஒரு தனி ஆபத்து. மென்பொருளைக் கவனமில்லாமல் வேகமாகப் பிடிக்கச் சொன்னால் கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடும் அழகு, செத்துவிடும். தோடி ராகத்தின் காந்தார ஸ்வரம் ஓர் இடத்தில் நிற்காது, அசைந்துகொண்டே இருக்கும். மென்பொருளுக்கு அது பிழையாகத் தெரியும். இழுத்துக்கொண்டு போய்ப் பக்கத்து ஸ்வரத்தில் ஆணி அடிக்கும். சறுக்குமரம் போல இறங்க வேண்டியது படிக்கட்டு போலக் கேட்கும். நன்றாகக் கற்ற பிள்ளைக்கு இதனால் லாபத்தைவிட நஷ்டமே அதிகம். சுமாராகப் பாடுகிறவரும் அருமையாகப் பாடுகிறவரும் டிவியில் ஒரே தரத்தில் வந்து நிற்கிறார்கள். அப்புறம் "இவ்வளவு நல்லாப் பாடின பொண்ணை ஏன் வெளியே அனுப்பினாங்க?" என்று வீட்டிலிருப்பவர் கொதிக்கிறார். அரங்கில் இருந்தவருக்குக் காரணம் தெரியும்.

எடிட்மேசை | 10 நவம்பர் 2024, காலை 8.30

ஒத்துக்கொள்கிறேன். அதை நான் விட்டுவிட்டேன்.

தாமரை | 10 நவம்பர் 2024, மதியம் 1.20

அப்படியானால் நல்லது என்று எதுவுமே இல்லையா?

நாலரைக்கட்டை | 10 நவம்பர் 2024, மாலை 6.45

நிறைய இருக்கிறது. பதினொரு வயதில் ஒரு பிள்ளை முழு வாத்தியக் குழுவோடு நேரடியாகப் பாட வேறு எந்த இடம் இருக்கிறது? கரோக்கியில் இசை உன்னைத் தூக்கிக்கொண்டு போகும். வாத்தியக்காரரோடு பாடினால் நீயும் அவரைக் கேட்க வேண்டும். இடையிசை முடிந்து சரணம் எடுக்க ஒரு மூச்சு நேரம்தான். தபலாக்காரர் கண்ணைப் பார்த்து எடுப்பதை இரண்டு மாதத்தில் பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள்.

அடுத்தது, யார் உள்ளே வருகிறார்கள் என்பது. சூப்பர் சிங்கர் 2006இல் தொடங்கியபோது சினிமாப் பாட்டு மட்டும்தான் எடுபடும் என்று நினைத்தார்கள். 2018இல் ஆறாவது சீசனை ஜெயித்தவர் செந்தில் கணேஷ், நாட்டுப்புறப் பாடகர். திருவிழா மேடையில் பாடிக்கொண்டிருந்த குரல் வாரா வாரம் எல்லார் வீட்டுக்கும் போனது. சபாக்காரர் யாரையும் தெரியாதவர்களுக்கு இது ஒரு வாசல். அந்த வாசலை மூடச் சொல்ல எனக்கு மனசு வராது.

இனி பாட்டுத் தேர்வு. பெரும்பாலான பிள்ளைகள் தோற்பது இங்கேதான். மூலப் பாட்டு எந்தக் கட்டையில் (சுருதி உயரத்தில்) இருக்கிறதோ அதிலேயே பாடினால்தான் கெத்து என்று யாரோ சொல்லிவிடுகிறார்கள். தப்பு. பிள்ளையின் சுருதி ஐந்தரைக் கட்டை என்றால் கீழே எங்கே குரல் காற்றாகிறது, மேலே எங்கே இறுகுகிறது என்று முதலில் பாருங்கள். இரண்டு எல்லைக்கும் நடுவில் பல்லவி உட்கார வேண்டும்.

கட்டையைப் படப்பிடிப்பு நாளில் மாற்றாதீர்கள். கீபோர்டுக்காரர் ஒரு பொத்தானை அழுத்தி மாற்றிவிடுவார். கிட்டார்க்காரர் கேப்போ என்ற கவ்வியைக் கழுத்தில் போட்டு ஏற்றிக்கொள்வார், இறக்க முடியாது. புல்லாங்குழலுக்கு ஒவ்வொரு கட்டைக்கும் வேறு குழல். பையில் அந்தக் கட்டைக் குழல் இல்லாவிட்டால் இடையிசையைக் கீபோர்டில் வாசித்து ஒப்பேற்றுவார்கள். தபலாவுக்கும் அதே தொல்லை. கட்டையைக் கடைசி நிமிஷத்தில் மாற்றிய பிள்ளைக்குப் பின்னால் பாதிக் குழுதான் முழு மனதோடு வாசிக்கும்.

மைக்: உதட்டிலிருந்து மூன்று விரல் தூரம். உச்சத்துக்குப் போகும்போது இன்னும் நாலு விரல் பின்னால். தலையில் உள்ள வலையைக் கையால் மூடிப் பிடித்தால் குரல் குடத்துக்குள் பேசுவது போலாகி, ஊளையிடும். கம்பியில்லா மைக்கின் அடிப்பக்கத்தைப் பொத்திப் பிடித்தாலும் கெடுதல், ஆண்டெனா பெரும்பாலும் அங்கேதான். கை நடுவில் இருக்கட்டும். பாடும்போது இசையையும் தன் குரலையும் கேட்கக் காதில் மாட்டும் மானிட்டரின் ரப்பர் முனை பெரியவர் காதுக்கு அளவெடுத்தது. சின்ன அளவு முனை இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். பாதிப் பாட்டில் அது நழுவினால் சுருதியும் நழுவும்.

எடிட்மேசை | 12 நவம்பர் 2024, இரவு 10.10

பாட்டைவிட எனக்குக் கவலை ஏவி. போட்டியாளரை அறிமுகம் செய்யும் சின்னப் படம். ஒரு குழு வீட்டுக்கு வரும், மூன்று நான்கு மணி நேரம் எடுப்பார்கள், ஒன்றரை நிமிடம் போடுவார்கள். ஓட்டு விழுவது பாதி இதை வைத்துத்தான் என்று எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் ஒழுகும் கூரை, அப்பாவின் கடன், அம்மாவின் அறுவைச் சிகிச்சை என்று தோண்டுவார்கள்.

எப்படிக் கேட்பார்கள் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி கேட்டவர் பதில் முடிந்ததும் உடனே அடுத்த கேள்விக்குப் போகமாட்டார். எட்டு, பத்து விநாடி பேசாமல் உங்கள் முகத்தையே பார்ப்பார். அந்த மௌனம் தாங்காமல் நீங்கள் மேலும் ஏதாவது சொல்வீர்கள். தேவையான வரி அங்கேதான் விழும். கேட்டவர் கொடுமைக்காரர் இல்லை, அது அவர் தொழில். நீங்கள் செய்ய வேண்டியது: பதில் முடிந்ததும் வாயை மூடி, புன்னகையோடு அவரையே பாருங்கள். அடுத்த கேள்வி தானாக வரும்.

"இதை மட்டும் போட்டுடாதீங்க சார்" என்று சொன்னபின் சொல்லிப் பயனில்லை. எடுத்ததை எப்படியும் வெட்டலாம், ஒட்டலாம் என்று நீங்கள் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். போடக் கூடாததை எடுக்க விடக் கூடாது. பிள்ளையின் பள்ளிப் பெயர், சீருடை, வீட்டு வாசல் எண், கடன், நோய் ஆகிய ஐந்தும் கேமரா வருவதற்கு முன்பே வீட்டில் பேசி முடிவாகியிருக்கட்டும்.

தாமரை | 13 நவம்பர் 2024, காலை 6.50

அண்ணியிடம் இதைப் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசவில்லை. ஒப்பந்தப் பத்திரம் இன்னும் வரவில்லை. அதில் என்ன பார்க்க வேண்டும்?

எடிட்மேசை | 17 நவம்பர் 2024, மதியம் 3.00

முதலில் சட்டம். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்டது, விதிகள் 2017இல் வந்தன. பதினான்கு வயது முடியாத பிள்ளையை நிகழ்ச்சியில் பயன்படுத்த, படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் தயாரிப்பாளர் அனுமதி வாங்க வேண்டும். அதற்கு "படிவம் சி" என்று ஓர் உறுதிமொழி உண்டு. ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் மூன்று மணிக்கு மேல் கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. ஐந்து பிள்ளைகளுக்கு ஒருவர் வீதம் பொறுப்பாளர் இருக்க வேண்டும். பிள்ளையின் வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் தேசிய மயமாக்கப்பட்ட வங்கியில் பிள்ளை பெயரில் நிரந்தர வைப்பாகப் போக வேண்டும். படிப்பு தடைப்படாமல் ஏற்பாடு செய்வதும் தயாரிப்பாளர் கடமை.

வழுக்குகிற இடம் அந்த ஐந்து மணி நேரம். காலை எட்டுக்கு வரச் சொல்வார்கள், ஒப்பனை, உடை, ஒத்திகை, காத்திருப்பு, கடைசியில் இரவு ஒன்பதுக்கு நாலு நிமிடம் பாட்டு. "பாடினது நாலு நிமிஷம்தானே" என்பார்கள். அதனால் வந்த நேரம், கிளம்பிய நேரம் இரண்டையும் நீங்களே ஒரு நோட்டில் எழுதி, அன்றன்று பொறுப்பாளரிடம் கையெழுத்து வாங்குங்கள். சண்டை போட வேண்டியதில்லை. நோட்டு இருப்பது தெரிந்தாலே அடுத்த வாரம் உங்கள் பிள்ளையின் பாட்டு முன்னால் வந்துவிடும்.

பத்திரத்தில் நான்கு இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். "காலவரையின்றி, உலகம் முழுவதும், எல்லா ஊடகத்திலும்" என்ற வரி; அது இருக்கும், மாற்ற முடியாது, தெரிந்து போடுங்கள். எத்தனை மாதம் வேறு சேனலில், வேறு மேடையில் பாடக் கூடாது என்ற வரி. இதில் பேரம் பேசலாம். வெளிக் கச்சேரி வந்தால் யாருக்கு எத்தனை சதவீதம் என்ற வரி, இதிலும் பேசலாம். பாதியில் விலகினால் அபராதம் என்ற வரி. பிள்ளையின் உடம்பு, தேர்வு இரண்டுக்கும் விலக்கு எழுதிக் கேளுங்கள்.

நாலரைக்கட்டை | 18 நவம்பர் 2024, இரவு 9.15

பரிசு வரியை யாரும் சொல்லவில்லை. டிவி போட்டிப் பரிசுக்கு வருமான வரிச் சட்டப்படி நேராக 30 சதவீதம். செலவு எதையும் கழிக்க முடியாது, அடிப்படை விலக்கு வரம்பும் கிடையாது. பரிசு வீடாக இருந்தால் இன்னும் சிக்கல். 40 லட்ச ரூபாய் வீடு என்றால் 12 லட்சம் வரி கட்டியதை உறுதி செய்த பிறகே சாவியைத் தர வேண்டும் என்கிறது சட்டம். அந்தப் பன்னிரண்டு லட்சத்தை யார் கட்டுவது? விளம்பரதாரரா, நீங்களா? பத்திரத்தில் எழுதியிருக்க வேண்டும்.

நாலரைக்கட்டை | 19 நவம்பர் 2024, காலை 7.30

நேற்று எழுதியதில் திருத்தம். 30 சதவீதம் பிடித்தம் மட்டுமே. அந்த வரியின்மேல் 4 சதவீத செஸ் (கூடுதல் வரி) சேர்த்தால் மொத்தம் 31.2. 40 லட்சத்துக்கு 12.48 லட்சம். பரிசு தருகிறவர் பிடிப்பது 12 லட்சம், பாக்கி 48,000 ரூபாயைக் கணக்குத் தாக்கல் செய்யும்போது நாம் கட்ட வேண்டும். மொத்த வருமானம் 50 லட்சத்தைத் தாண்டினால் சர்சார்ஜ் என்ற இன்னொரு கூடுதல் வரியும் உண்டு. இன்னொன்று: பிள்ளை தன் திறமையால் சம்பாதித்தது பெற்றோர் வருமானத்தோடு சேராது, பிள்ளை பெயரிலேயே கணக்கு. ஆகவே இப்போதே பிள்ளைக்குப் பான் அட்டை எடுத்துவிடுங்கள். இறுதிச் சுற்று வாரத்தில் அலைய வேண்டாம்.

தாமரை | 24 நவம்பர் 2024, இரவு 8.00

மாமா விடுவதாக இல்லை. "பிக் பாஸைப் பாரு, எட்டாவது சீசன் ஓடுது, அங்க எல்லாம் எழுதிக் கொடுத்ததுதான்" என்கிறார். பிள்ளைகள் போட்டிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

எடிட்மேசை | 24 நவம்பர் 2024, இரவு 11.50

1999இல் நெதர்லாந்தில் தொடங்கிய பிக் பிரதரின் வழிவந்தது அது. தமிழில் 2017 ஜூனில் வந்தது. வசனம் எழுதித் தரத் தேவையே இல்லை, கணக்கைப் பாருங்கள். ஒரு நாளில் 1440 நிமிடம். ஒரு மணி நேர ஒளிபரப்பில் விளம்பரத்துக்கு 12 நிமிடம் என்பது கேபிள் விதி வைத்த உச்சவரம்பு. அதைக் கழித்தால் 48. முப்பதில் ஒரு பங்கு. அதுவும் ஓர் அறையை மட்டும் எடுத்தால். ஆறு இடத்தில் ஆறு பேச்சு நடக்கும்போது இன்னும் சுருங்கும். ஷிப்ட் ஷிப்டாக ஆட்கள் உட்கார்ந்து எந்த நேரத்தில் யார் என்ன பேசினார் என்று குறித்துக்கொண்டே இருப்பார்கள். அந்தக் குறிப்பிலிருந்து கதை எடுக்கிறோம். ஒருவர் நாள் முழுக்கப் பாத்திரம் கழுவி, இரண்டு நிமிடம் கத்தினால் கத்தியதுதான் வீட்டுக்கு வரும்.

எடிட்மேசை | 25 நவம்பர் 2024, காலை 6.20

ராத்திரி எழுதியதை மறுபடி படித்தேன். ஒன்று குறைகிறது. வசனம் எழுதுவதில்லை என்றேன், விதியை எழுதுகிறார்கள். பதினாறு பேருக்குப் பன்னிரண்டு பேருக்கான மளிகை, ஒரே ஒரு தலைவர், யார் வெளியே போக வேண்டும் என்று வாரா வாரம் பெயரும் காரணமும் சொல்ல வேண்டும், கடிகாரம் கிடையாது, போன் கிடையாது. இப்படி ஏற்பாடு செய்தால் சண்டையைத் தனியாக எழுத வேண்டாம், பசியும் தூக்கக் குறைவும் எழுதிவிடும். மாமா சொல்வதில் பாதி சரி என்றே இப்போது நினைக்கிறேன்.

பாட்டுப் போட்டியிலும் இதன் சின்ன வடிவம் உண்டு. இரண்டு பிள்ளைகளைக் கையைப் பிடித்து நிறுத்தி, முடிவைச் சொல்லாமல் நீட்டுவது. டிவியில் இருபது விநாடி தெரியும். தளத்தில் வெளிச்சம் சரியில்லை, கோணம் சரியில்லை என்று நாலு நிமிடம்கூட ஆகும். பெரியவர்களுக்கே வயிறு கலங்கும். பிள்ளைகளுக்கு இது கூடவே கூடாது. முடிவைத் தனியே முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் பிறகு படம் எடுக்கலாம், யாருக்கும் நஷ்டமில்லை. பத்திரத்தில் கேட்க வேண்டிய ஐந்தாவது இடம் இது.

நாலரைக்கட்டை | 1 டிசம்பர் 2024, மாலை 5.30

ஓட்டு பற்றி. ஓட்டுப் போடும் ஓர் அக்கவுன்ட்டுக்கு ஒரு நாளைக்கு எத்தனை ஓட்டு என்று முதலில் பாருங்கள். ஐம்பது என்றால், ஐந்து நாளில் ஒருவர் 250 போடலாம். ஆயிரம் பேர் கொண்ட ரசிகர் கூட்டம் இரண்டரை லட்சம் போட்டுவிடும்; சும்மா ஒரு தடவை போடும் இரண்டு லட்சம் பேரை அது தோற்கடிக்கும். அங்கே அளக்கப்படுவது எத்தனை பேருக்குப் பிடித்தது என்பதில்லை, சிலருக்கு எவ்வளவு வெறி என்பது. ஒரு நாளைக்கு ஒன்று என்றால் ஓரளவு நியாயம். எண்ணிக்கையை வெளியிடுவதில்லை என்பது என் பெரிய மனக்குறை. பஞ்சாயத்துத் தேர்தலில்கூட எண்ணிச் சொல்கிறார்கள்.

சொந்தக்காரர்களை ஓட்டுப் போடச் சொல்லி உயிரை எடுக்காதீர்கள். பிள்ளை அதைப் பார்க்கிறது.

எடிட்மேசை | 8 டிசம்பர் 2024, இரவு 10.00

ரியாலிட்டி என்ற பெயரில் எனக்குச் சகிக்கவே முடியாத ஒரு வகை உண்டு: குடும்பச் சண்டையை மேடையில் விசாரிக்கும் நிகழ்ச்சிகள். பாட்டுக்காரருக்கு ஒரு பாட்டாவது மிஞ்சும். அங்கே வந்தவருக்குத் தெருவில் தலை காட்ட முடியாத நிலைதான் மிச்சம். சொல்வதெல்லாம் உண்மை நிகழ்ச்சிக்கு 2018 ஜூனில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை போட்டது.

ஒளிபரப்பானதில் பிள்ளைக்குக் கேடு என்று தோன்றினால் முகநூலில் புலம்புவதோடு நிற்காதீர்கள். 2021இல் வந்த கேபிள் டிவி விதிகளின்படி முதலில் சேனலுக்கு எழுத்தில் புகார். 24 மணி நேரத்தில் ஒப்புகை, 15 நாளில் பதில் தர வேண்டும். திருப்தியில்லை என்றால் அடுத்த 15 நாளுக்குள் ஒளிபரப்பாளர்களின் சுய ஒழுங்கு அமைப்புக்கு மேல்முறையீடு. தேதி, நேரம், எந்த நிமிடத்தில் என்ன வந்தது என்று எழுதுங்கள். "மனது புண்பட்டது" என்று மட்டும் எழுதினால் கிடப்பில் போய்விடும்.

தாமரை | 21 டிசம்பர் 2024, மாலை 4.15

பத்திரம் வந்துவிட்டது. அண்ணன் பென்சிலோடு உட்கார்ந்தார். விலகல் அபராதத்தில் தேர்வுக்கு விலக்கு எழுதிக்கொடுத்தார்கள், ஒன்பது மாதத் தடையை ஆறாக்கினார்கள். முடிவை முன்கூட்டிச் சொல்ல மாட்டார்களாம். ஏவி குழு வியாழன் வருகிறது, பாட்டுப் பதிவு அடுத்த புதன். அவள் எடுத்திருக்கும் பாட்டின் அனுபல்லவி ரொம்ப மேலே போகிறது, குரல் லேசாக நடுங்குகிறது. பாட்டை மாற்றலாமா?

நாலரைக்கட்டை | 21 டிசம்பர் 2024, மாலை 5.00

மாற்ற வேண்டாம், முதலில் சோதித்துப் பாருங்கள். அந்த உச்ச வரியை மட்டும் நிற்காமல் ஐந்து தடவை பாடச் சொல்லுங்கள். முகத்தைப் பார்க்காதீர்கள், தோளைப் பாருங்கள். நாலாவது, ஐந்தாவது தடவையில் தோள் மேலே ஏறினால் அரைக் கட்டை இறக்குங்கள். இறக்கியதும் பல்லவியின் கீழ் ஸ்வரம் காற்றாகிறதா என்று பாருங்கள். ஆகாவிட்டால் அதுதான் அவள் கட்டை. இன்று ராத்திரியே வாத்தியக் குழுவை நடத்துகிறவருக்குச் சொல்லிவிடுங்கள். குழல்காரர் சரியான குழலைத் தேடி எடுத்து வைக்க வேண்டும்.

எடிட்மேசை | 21 டிசம்பர் 2024, இரவு 9.30

வியாழன் காலை, ஏவியில் வரக் கூடாத அந்த ஐந்தையும் அண்ணியோடு மறுபடி ஒரு தடவை பேசிவிடுங்கள். வாசல் எண் பலகையைக் கழற்றி உள்ளே வையுங்கள். பாட்டு வாத்தியார் வீட்டில் ஏவி எடுக்கலாமா என்று கேளுங்கள். தம்புராவும் அவள் பாட்டு நோட்டும் இருக்கும் அறையில் உட்கார்த்தினால் கேட்பதற்குப் பாட்டு பற்றிய கேள்விகள் நிறையக் கிடைக்கும்.

தாமரை | 22 டிசம்பர் 2024, காலை 7.10

ஐந்தாவது தடவையில் தோள் ஏறியது. ஐந்து கட்டைக்கு இறக்கிவிட்டோம். குழல் இருக்கிறதாம்.